கேள்விக்கும் பரீட்சை வேண்டாமா?

பரீட்சையில் மாணாக்கன் தவறாக விடை எழுதிவிட்டால் அவனை மக்கு என்று சொல்ல எல்லோரும் தயாராயிருக்கிறார்கள். ஆனால் கேள்வி எழுதினவர் ஒழுங்காய் எழுதினாரா என்று பார்க்க மாத்திரம் ஒருவரும் முன்வருவதில்லை. பௌதிகத்திலும் கணிதத்திலும் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் ஒரு பங்கு, கேள்வித்தாளிலேயே உற்பத்தியாகின்றது என்பது நமது அபிப்பிராயம்.

உதாரணமாக, "20 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் விழுகின்றது, எத்தனை வினாடியில் தரையைச் சேரும்?" என்று கேட்பதாய் வைத்துக்கொள்வோம். கல்லைச் சும்மா விட்டார்களா, கீழ்நோக்கி எறிந்தார்களா? காற்றின் தடையைச் சேர்ப்பதா, தள்ளுவதா? காற்றைத் தள்ளி, புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்றே கொண்டாலும், சும்மா விட்ட கல் 2 வினாடியில் விழும். வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் எறிந்த கல் 1 வினாடியில் விழும். கேட்டவர் மனதில் இருந்தது எது என்று மாணாக்கன் எப்படி அறிவான்? இது பௌதிகப் பரீட்சையா, ஜோசியப் பரீட்சையா என்று கேட்கின்றோம். நாலு வார்த்தை கூட எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்?

இதனால் அதிகம் கெடுகிறவன் யார்? காசு கொடுத்துத் தனிப்பாடம் படிக்கிறவன், 'இப்படிக் கேட்டால் இப்படி எழுது' என்று முன்னமே கேட்டறிந்திருப்பான். வீட்டில் படித்தவர் ஒருவரும் இல்லாத பிள்ளை, கேள்வியில் உள்ளதையே நம்பி ஏமாறுகின்றான்.

நிற்க, பெரிய நிபுணர்கள் தவற மாட்டார்கள் என்று சிலர் சொல்லலாம். 1982-ல் அமெரிக்காவில் கல்லூரிகளில் சேருவதற்கான எஸ்.ஏ.டி. பரீட்சையில் ஒரு கேள்வி: பெரிய வட்டத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆரமுள்ள சிறிய வட்டம், பெரியதன் வெளி ஓரத்தில் உருண்டு புறப்பட்ட இடத்திற்கு வர எத்தனை சுற்றுச் சுற்றும்? நிபுணர்கள் 3 என்று நினைத்தார்கள். சரியான விடையாகிய 4, கொடுத்த ஐந்து விடைகளில் இல்லவே இல்லை. சந்தேகமுள்ளவர்கள் ஒரே அளவான இரண்டு நாணயங்களை எடுத்து, ஒன்றை அசையாமல் வைத்து, மற்றதை அதன் ஓரத்தில் வழுக்காமல் ஒருமுறை சுற்றி உருட்டிப் பார்க்கட்டும். உருளும் நாணயம் இரண்டு சுற்றுச் சுற்றும். எழுதிய சுமார் 3 லட்சம் பேரில் மூன்றே மாணாக்கர்கள் தவறென்று எழுதிக் கேட்டார்கள். கேள்வி மதிப்பெண் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது.

மற்றவர்கள் ஏன் கேட்கவில்லை? 1979-ல் பிரான்சு தேசத்துக் கிரெனோபிள் நகரில் சிறுபிள்ளைகளிடம், "ஒரு கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவனுக்கு வயதென்ன?" என்று கேட்டுப் பார்த்தார்கள். 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த எண்களையே வைத்துக் கணக்குப் போட்டு வயது சொல்லிவிட்டார்கள்! உபாத்தியாயர் கேட்டால் விடை இருந்தே தீரும் என்னும் குருட்டு நம்பிக்கையல்லாமல் இது வேறென்ன?

கஷ்டமான கேள்வி கூடாதென்று நாம் சொல்லவரவில்லை. கஷ்டம் விஷயத்தில் இருக்கட்டும், வாசகத்தில் வேண்டாம். ஆகவே, கேள்வி எழுதுகிறவர்கள் வேண்டிய நிபந்தனைகளை எல்லாம் எழுதி, தாமே ஒருமுறை விடை கண்டு, விஷயம் தெரிந்த வேறொருவரையும் போட்டுப் பார்க்கச் சொல்லி, அதன் பிறகே பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். "இந்தக் கேள்விக்கு விடை காணப் போதிய விவரமில்லை" என்று காரணத்தோடு எழுதும் மாணாக்கனுக்கு முழு மதிப்பெண்ணும் கொடுக்க வேண்டும். அவனல்லவா உண்மையில் பாடம் படித்தவன்!