ஒருவரே ஆடும் கூட்டாட்டம்

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் உள்ளடக்குவது ‘நாம்’; அவரை வெளியே நிறுத்துவது ‘நாங்கள்’. தெலுங்கு, மலையாளம், மராத்தி, குஜராத்தி ஆகிய மொழிகளும் இவ்வேறுபாட்டைக் காத்து வருகின்றன. கன்னடம் அதனை இழந்துவிட்டது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் அது இல்லை. எதிரணியின்றி அனைவரும் ஒருங்கே வெல்லும் அல்லது ஒருங்கே தோற்கும் பலகை விளையாட்டுகளைப் பற்றிப் பேசுகையில் இந்த இலக்கணக் கூறு எதிர்பாராத வகையில் பயன்படுகிறது. அத்தகைய விளையாட்டு கணினிக்குப் பெயர்க்கப்படும்போது அங்கே எஞ்சுவது நாமா, நாங்களா, அல்லது வெறும் ‘நான்’ மட்டுமா?

‘எல்டர் சைன்’ நல்ல சான்று. ரிச்சர்ட் லானியஸும் கெவின் வில்சனும் வடிவமைக்க, ஃபேன்டஸி ஃபிளைட் கேம்ஸ் 2011இல் வெளியிட்ட திகில் பகடை ஆட்டம் அது. களம், எச். பி. லவ்கிராஃப்டின் கற்பனை நகரான ஆர்க்கமில் உள்ள அருங்காட்சியகம். ஆடுவோர் துப்பறிவாளர்கள், ஒவ்வொருவருக்கும் மனவுறுதி, உடலுறுதி என இரண்டு இருப்புகள். ஒருவர் முறை முடியும்போதெல்லாம் கடிகார முள் மூன்று மணி நேரம் நகரும். நான்கு முறைக்கு ஒரு நள்ளிரவு. நள்ளிரவுதோறும் ஒரு புதிய கேடு. புராதன சக்தி விழித்தெழுமுன் போதிய முத்திரைகளைத் திரட்டிவிட வேண்டும்.

அச்சத்தின் ஊற்று இக்கதையில் இல்லை, பகடையில் இருக்கிறது. கையில் ஆறு பச்சைப் பகடைகள். ஒவ்வொன்றின் ஆறு முகங்களில் மூன்று துப்புகளைக் காட்டும். எஞ்சியவை சுவடி, மண்டையோடு, உணர்கொம்பு. உருட்டியதில் வேண்டியது விழவில்லையெனில் ஒரு பகடையைத் துறந்து, மிஞ்சியவற்றை மீண்டும் உருட்ட வேண்டும். ஒரே ஒரு சுவடிதான் தேவை என்று கொள்வோம். ஆறு பகடைகளால் அது கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 67 விழுக்காடு. மூன்று பகடைகளால் 42. கடைசிப் பகடை மட்டும் மிஞ்சும்போது 17. ஒவ்வொரு தோல்வியும் அடுத்த தோல்வியை மேலும் அணுக்கமாக்குகிறது. கூடார விரல்களும் பழைய நூல்களும் சாதிக்காததை இந்த எளிய கழித்தல் கணக்கு சாதித்துவிடுகிறது.

மேசையில் இந்தக் கழித்தலுக்கு எதிராக நிற்பது பேச்சு. அதே இடத்தில் நிற்கும் மற்றொருவர் நல்ல விளைவு ஒன்றைத் தம் பொறுப்பில் பிடித்து வைக்கலாம் என்ற விதியும் உண்டு. ஆனால் விதியைக் காட்டிலும் உரையாடலே பெரிது. ‘அங்கே போகாதே, உன் மனவுறுதி ஒன்றுதான் மிச்சம்’ என்று ஒருவர் தடுப்பதும், தடுத்தும் கேளாமல் மற்றவர் போவதும், போனவர் பைத்தியமாகித் திரும்பியபின் எழும் வசைகளும்தான் ஆட்டம். விதி குறித்த சச்சரவும் அதிலடங்கும். பகடை யாருடைய கையிலிருந்து விழுந்தது என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள்.

அதே 2011இல் ‘எல்டர் சைன்: ஓமென்ஸ்’ என்ற பெயரில் இது திரைக்கு வந்தது. பகடைகளின் இடத்தில் ஒளிரும் குறியீடுகள். தேர்ந்தெடுத்த நால்வர் குழுவை முழுமையும் ஒருவரே இயக்கலாம். விதிகளைக் கணினி காப்பதால் சச்சரவுக்கு இடமில்லை. திரையைச் சுற்றிப் பலர் அமர்ந்து மாறி மாறி ஆடுவதை எதுவும் தடுக்கவில்லை. ஆயினும் அப்படி ஆடுவோர் அரியர். கூட்டு உணர்வைக் கணினி கொன்றுவிட்டது என்று பலகை விளையாட்டு அன்பர்கள் குறைப்படுவது இங்கேதான்.

அக்குறை பாதியளவே நியாயமானது. மூலப் பெட்டியே ஒருவர் முதல் எண்மர் வரை ஆடலாம் என்றுதான் சொல்கிறது. அதில் எவரும் எவரிடமிருந்தும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. எல்லாத் தகவலும் மேசைமேல் திறந்து கிடக்கிறது. ஆகவே அனுபவம் மிக்க ஒருவர் எண்மருக்கும் சேர்த்து முடிவெடுப்பதை எந்த விதியும் தடுக்காது. 2008இல் வந்த ‘பாண்டமிக்’ தொடங்கிப் பல கூட்டாட்டங்களை இந்நோய் பற்றியிருக்கிறது. விடுதி அறைகளில் ஆடிப் பழகியவர்களுக்கு அம்மனிதரைத் தெரியும்; பெரும்பாலும் பெட்டியை வாங்கி வந்தவர் அவரே. அவர் வாயில் ‘நாம் இப்போது அங்கே போகிறோம்’ என்று வருவது இலக்கணப்படி உளப்படுத்தும் பன்மை, நடைமுறையில் ஒருமை. ஓமென்ஸ் அந்தப் போலி ‘நாம்’ஐக் களைந்து உள்ளதை உள்ளபடி காட்டிவிட்டது.

மெய்யான ‘நாம்’ வேறெங்கோ உள்ளது. அந்துவான் பௌசா வடிவமைத்த ‘ஹனாபி’யில் ஒருவர் தம் கைச்சீட்டுகளைத் தாம் பார்க்கவியலாது, மற்றவர் அனைவரும் பார்க்கலாம். துப்புச் சொல்வதற்கு எட்டே வில்லைகள். ஒரு துப்பு நிறத்தையோ எண்ணையோ மட்டுமே குறிக்கும். சொன்னதைக் கொண்டு சொல்லாததை ஊகிக்க வேண்டும். 1975இல் பால் கிரைஸ் உரையாடலின் ஒத்துழைப்பு நெறி என்று எழுதியதை மாணவர்க்குக் கற்பிக்க இதனினும் நல்ல கருவி கிடைப்பது கடினம். அங்கே ஒருவரே நால்வராக ஆட முனைந்தால் ஆட்டம் சிதைந்துவிடும். அறிவு பகிர்ந்து கிடப்பதால்தான் கூட்டு தேவைப்படுகிறது. எல்லாம் எல்லார்க்கும் தெரிந்த இடத்தில் கூட்டு என்பது உபசாரம்.

ஆனாலும் லவ்கிராஃப்டின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு மாறுகிறது. அவருடைய மாந்தர் பெரும்பாலும் தனியர். பழைய தாள்களை ஒப்புநோக்கிக் கொண்டே போய், அறியக் கூடாததை அறிந்து நிலைகுலையும் கல்வியாளர்கள். 1928இல் வெளியான ‘தி கால் ஆஃப் கதுல்ஹு’ அவ்வகையே. (ஆய்வு மாணவர்களுக்கு இது கதையாகத் தோன்றாமல் போகலாம்.) தேநீரும் கேலியும் சூழ்ந்த மேசையில் அந்தத் திகில் ஐந்து நிமிடம் நிற்காது. நள்ளிரவில் ஒற்றைத் திரைமுன் நிற்கும். நான்கு பேரில் மூவர் மாண்டு, கடைசிக் குறியீடு சுழன்று உணர்கொம்பாக அமையும்போது, பழி சொல்லப் பக்கத்தில் ஆளில்லை.

இரண்டையும் ஒருங்கே தரும் பெயர்ப்பு இயலாததன்று. ஒவ்வொருவர் திரையிலும் அவரவர் துப்பறிவாளர் கண்டது மட்டும் தெரியட்டும். மனவுறுதி குறையக் குறையத் திரை பொய்யும் காட்டட்டும். மற்றவரிடம் அதைச் சொல்லும் வாய்ப்பும் எண்ணி அளக்கப்படட்டும். மேசையில் இதைச் செய்ய நடுவர் ஒருவர் வேண்டும். கணினிக்கு அது சிறு வேலை. அந்த ஒன்றைத்தான் ஓமென்ஸ் செய்யவில்லை.