கூட்டினால் குலையும் என்னும் கூற்று

இணையவழியில் பலர் சேர்ந்து ஆடும் போட்டி விளையாட்டுகளில் ஒவ்வொரு புதிய பதிப்பு வெளிவரும்போதும், "புதிதாக எதையும் சேர்க்காதே, இருப்பதை முதலில் சரிசெய்" என்னும் முழக்கம் ஆண்டுக்கணக்காக எழுப்பப்பட்டு வருகிறது. போட்டி வருணனையாளர்களும் ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களும் இதனை ஆய்ந்து கண்ட விதிபோல எடுத்துரைப்பதால், கேட்போர் ஆராயாமலே ஒப்புக்கொள்ளும் நிலை உருவாகிவிட்டது. சமநிலை என்பது, ஆட்டக்காரர் எந்தப் பாத்திரத்தை, எந்தப் படையை, எந்த ஆயுதத்தைத் தேர்ந்தாலும் தம் திறமையால் வெல்லக்கூடிய வாய்ப்பு இருப்பதாகும். பாத்திரங்களும் ஆயுதங்களும் களங்களும் கூடக்கூட அந்த வாய்ப்பு குலைந்தே தீரும் என்பது முழக்கத்தின் உட்பொருள். இதற்குத் துணையாக நான்கு வாதங்கள் வைக்கப்படுகின்றன. அவற்றுள் மூன்றாவது ஒரு வரிக்கு மேல் பெறத் தகுதியற்றது, நான்காவதோ அதை எடுத்துரைப்பவர்களுக்கே எதிராகச் சாட்சி சொல்வது.

முதலாவது, எண்ணிக்கை வாதம். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் 2009இல் வெளியானபோது அதில் 40 பாத்திரங்கள் இருந்தன. இருவர் இருவராகச் சேர்த்துப் பார்த்தால் 780 இணைகள் கிடைக்கும். இன்று பாத்திரங்கள் 160ஐத் தாண்டிவிட்டன. 160 என்றே வைத்துக்கொண்டாலும் இணைகள் 12,720 ஆகின்றன. இத்தனையையும் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க எவராலும் இயலாது, ஆகவே சமநிலையும் இயலாது என்று வாதம் முடிகிறது. பெருக்கலில் பிழையில்லை, ஆனால் எல்லா இணைகளையும் சோதித்த பிறகே சமநிலை பிறக்கும் என்று எவரும் சொன்னதில்லை. நிறுவனம் ஏறத்தாழ இரு வாரங்களுக்கு ஒருமுறை பேட்ச் எனப்படும் திருத்தப் பதிப்பை வெளியிடுவதும், உலகெங்கும் நடக்கும் ஆட்டங்களின் வெற்றி விகிதங்களைப் பார்த்து ஒவ்வொரு பாத்திரத்தின் வலிமையையும் ஏற்றி இறக்குவதும் இதற்காகத்தான். மேலும், மூன்றே தேர்வுகள் உள்ள ஆட்டத்தில் ஒன்று மிஞ்சிவிட்டால் ஆட்டமே கெட்டுவிடும். 160 உள்ள ஆட்டத்திலோ, தொடங்குமுன் ஒவ்வோர் அணியும் ஐந்து பாத்திரங்களுக்குத் தடை விதிக்க, மிஞ்சியவை அங்கேயே விலக்கப்படுகின்றன. பத்துத் தேர்வுகளை விலக்கிவிட்டும் ஆடக்கூடிய வசதி, தேர்வுகள் மிகுந்த ஆட்டத்துக்கே உண்டு. டோட்டா 2இன் உலகப் போட்டியான தி இன்டர்நேஷனல் 2016இல் சியாட்டிலில் நடந்தபோது, இரண்டு கோடி டாலரைத் தாண்டிய பரிசுத்தொகைக்காக மோதிய அணிகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாயகர்களைத் தேர்ந்தெடுத்து ஆடின. அத்தனை பெருந்தொகை முன்னே இருக்கும்போது, வலுவற்ற நாயகர்கள்மீது இரக்கப்பட்டு அணிகள் அவர்களைக் களமிறக்கின என்று வாதிடத் துணிபவர்கள் இருந்தால், அவர்களுடைய கணிதத்தைவிட அவர்களுடைய கருணையே பாராட்டத்தக்கது.

இரண்டாவது, பேரழிவுகளின் பட்டியல். இப்பட்டியலின் தலையில் நிற்பது, கவுன்டர் ஸ்ட்ரைக்: குளோபல் ஒஃபென்சிவ் ஆட்டத்தில் 2015 டிசம்பரில் சேர்க்கப்பட்ட ஆர்8 என்னும் சுழல்துப்பாக்கி. கைத்துப்பாக்கி விலையில் தொலைநோக்கித் துப்பாக்கிக்கு நிகரான சேதத்தை விளைவித்த அந்த ஆயுதம் பெருங்கூச்சலைக் கிளப்பியது உண்மை; சில நாள்களுக்குள் அதன் வலிமை குறைக்கப்பட்டு, அதன்பின் அதை வாங்குவோர் அரிதானதும் உண்மை. முதலாம் உண்மையை மட்டும் ஆண்டுதோறும் நினைவுகூர்பவர்கள், அதே ஆட்டத்தின் எஸ்ஜி 553 துப்பாக்கியைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆட்டம் 2012இல் வெளியான நாள்முதல் அத்துப்பாக்கி அங்கேயே இருந்தது. பல ஆண்டுகள் சீந்துவாரின்றிக் கிடந்தது. 2018இல் விலை குறைக்கப்பட்ட பிறகு மெல்ல மெல்லத் தொழில்முறைப் போட்டிகளை ஆட்கொண்டு, இறுதியில் வலிமை குறைக்கப்பட வேண்டிய நிலைக்கு வந்தது. புதிதாக எதுவும் சேர்க்கப்படாமலே சமநிலை குலைந்த இந்நிகழ்வை முழக்கத்தால் விளக்க இயலாது.

பட்டியலின் அடுத்த பெயர் ஓவர்வாட்ச் ஆட்டத்தின் பிரிகிட்டே. 2018இல் இப்பாத்திரம் வந்த பிறகு, தாக்குதலைத் தாங்கும் மூவரும் துணைபுரியும் மூவருமாக அமைந்த அணியே மெட்டாவாயிற்று. மெட்டா என்பது, ஒரு காலகட்டத்தில் வெற்றிக்கு உகந்ததெனப் பெரும்பாலோர் பின்பற்றும் உத்தி. ஆனால் 2019இல் அந்த ஆதிக்கத்தை முடித்துவைத்தது, ஒவ்வொரு பொறுப்புக்கும் இருவர் மட்டுமே என்னும் விதி. அவ்விதியும் புதிதாகச் சேர்க்கப்பட்டதே. அதற்குப் பிறகு நடந்தது இன்னும் சுவையானது. 2020 ஏப்ரலில் 32ஆவது நாயகரான எக்கோ வந்த பின், 2022 அக்டோபரில் இரண்டாம் பாகம் வெளியாகும்வரை புதிய நாயகர் ஒருவரும் சேர்க்கப்படவில்லை. முழக்கம் கேட்ட வரம் இரண்டரை ஆண்டுகள் முழுமையாகக் கிடைத்தது. அந்த ஆண்டுகள் சமநிலையின் பொற்காலமாக அல்ல, ஆட்டத்தின் தேக்கக் காலமாகவே நினைவுகூரப்படுகின்றன.

மூன்றாவது, புதியதை விற்க வேண்டியிருப்பதால் நிறுவனம் அதைப் பழையதைவிட வலிமையாகவே படைக்கும் என்னும் வாதம். இது கடையின் குற்றமேயன்றிச் சேர்க்கையின் குற்றமன்று, டோட்டா 2 தன் நாயகர் அனைவரையும் இலவசமாகவே தருகிறது.

நான்காவதும் முழக்கக்காரர்களின் பெருமைக்குரியதுமான வாதம், மாறாத ஆட்டமே சிறந்த ஆட்டம் என்பது. இதற்கு அவர்கள் தவறாமல் காட்டும் சான்று, தென்கொரியாவில் தொலைக்காட்சிப் போட்டியாகவே வளர்ந்த ஸ்டார்கிராஃப்ட்: புரூட் வார். ஒன்றுக்கொன்று சற்றும் ஒவ்வாத டெர்ரன், ஜெர்க், புரோட்டாஸ் என்னும் மூன்று இனங்களுக்கிடையே அமைந்த அதன் சமநிலை வியந்து போற்றப்படுவது முறையே. ஆனால் சான்றின் பெயரையே அதைக் காட்டுபவர்கள் கவனிப்பதில்லை. ஸ்டார்கிராஃப்ட் 1998இல் வெளியான மூல ஆட்டம். புரூட் வார் அதே ஆண்டின் இறுதியில் அதன்மேல் சேர்க்கப்பட்ட விரிவாக்கம். போற்றப்படுவது மூல ஆட்டமன்று, கூட்டப்பட்ட ஆட்டமே.

கூட்டப்பட்டவை ஏழு படைவகைகள். அவற்றின் பணியைப் பார்த்தால், சமநிலை எவ்வாறு உருவானது என்பது விளங்கும். டெர்ரன் இனத்தின் மலிவான காலாட்படை ஜெர்க் படைகளின்முன் விரைவில் மடிந்துவந்தது. காயம் ஆற்றும் மெடிக் வந்த பிறகே அக்காலாட்படை நின்று போரிடும் வலிமை பெற்றது. அந்த வலிமை மிஞ்சிவிடாதபடி ஜெர்க் இனத்துக்கு லர்க்கர் தரப்பட்டது. மண்ணில் புதைந்தபடி நேர்கோட்டில் முட்களைச் செலுத்தும் இப்படைவகை, கூட்டமாக வரும் காலாட்படைக்கு நேர்மறுப்பாக அமைந்தது. ஜெர்க்கின் பறக்கும் மியூட்டலிஸ்க் கூட்டங்களை எதிர்கொள்ளப் புரோட்டாஸிடம் இருந்த விமானமோ விலைமிக்கது, பயன் குறைந்தது. அந்த இடத்தை, ஒரே தாக்குதலில் பலவற்றைச் சேதப்படுத்தும் கோர்சேர் நிரப்பியது. டெர்ரன் ஆட்டக்காரர் லிம் யோ-ஹ்வான் 2001இல் அரங்குகளை அதிரவைத்த ஆட்டம், மெடிக்கும் காலாட்படையும் ஏறிச் சென்ற விமானங்களின் ஆட்டம். மெடிக் சேர்க்கப்பட்டிராவிட்டால் அந்த ஆட்டமும் இல்லை.

படைகளைச் சேர்ப்பது அதோடு நின்றதே என்று அவர்கள் சொல்லக்கூடும். 2001இல் வந்த 1.08 பதிப்பு, ஜெர்க்கின் ஸ்பானிங் பூல் கட்டடத்தின் விலையை 150இலிருந்து 200ஆக உயர்த்தியது உள்ளிட்ட மாற்றங்களோடு சமநிலைத் திருத்தங்களை ஏறத்தாழ முடித்துவைத்தது என்பதும் சரியே. ஆனால் போட்டிகள் அதன்பின் பழைய களங்களிலேயே நடந்துகொண்டிருக்கவில்லை. கொரியப் போட்டி அமைப்பாளர்கள் பருவந்தோறும் புதிய களங்களை வடிவமைத்துச் சேர்த்துக்கொண்டே இருந்தனர். ஓர் இனத்தின் கை ஓங்கினால், தளங்களுக்கிடையேயான தொலைவை நீட்டியும், நுழைவாயிலைக் குறுக்கியும், கனிமக் குவியல்களை இடம் மாற்றியும் அடுத்த பருவத்தில் அதைத் தணித்தனர். ஃபைட்டிங் ஸ்பிரிட் போன்ற களங்கள் பெற்ற புகழ் இந்த இடைவிடாத சேர்க்கையின் விளைவு. களம் ஆட்டத்தின் உள்ளடக்கம் அன்று என்று சொல்ல விரும்புபவர்கள், களமில்லாமல் ஒரு முறை ஆடிப் பார்க்கலாம்.

உண்மையிலேயே எதுவும் சேர்க்கப்படாத ஆட்டத்தைக் காண வேண்டுமாயின், நின்டெண்டோ 2001இல் வெளியிட்ட சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே ஆட்டத்தைப் பார்க்கலாம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதில் நிறுவனம் ஒரு பாத்திரத்தையும் கூட்டவில்லை, ஒரு திருத்தத்தையும் அனுப்பவில்லை. ஏறத்தாழ 26 பாத்திரங்களுள் ஃபாக்ஸ், மார்த், ஷீக் போன்ற ஒரு சிலரைக் கொண்டே பெரும்போட்டிகள் வெல்லப்படுகின்றன. பவுசரையோ பிச்சுவையோ நம்பிக் களமிறங்குபவருக்குப் பார்வையாளரின் கைதட்டல் கிடைக்கிறது, கோப்பை கிடைப்பதில்லை. சேர்க்காமையே சமநிலை தரும் என்றால், அது முதலில் இங்கே கிடைத்திருக்க வேண்டும்.

புதியவர்கள் திணறுவார்கள் என்று இறுதியாக ஒரு துணைவாதமும் சேர்க்கப்படுவதுண்டு; கற்றலின் சுமை வேறு, சமநிலை வேறு என்பதை நினைவூட்டுவதற்கு மேல் அதற்கு மறுமொழி தேவையில்லை.

சமநிலையைக் காப்பது எண்ணிக்கை அன்று, தொடர்ந்த கவனிப்பு. அக்கவனிப்பின் கருவிகளுள் சேர்க்கையும் ஒன்று. இதை மறுப்பவர்கள், முதல் வெளியீட்டில் இருந்தபடியே, படையோ பாத்திரமோ களமோ விதியோ எதுவும் கூட்டப்படாமல் சமநிலை எய்திய ஒரே ஓர் ஆட்டத்தின் பெயரைச் சொல்லட்டும். அதைச் சொல்லும்வரை, மெய்ப்பிக்கும் பொறுப்பு முழக்கமிடுபவர்களுடையதே.