கால் மில்லிமீட்டர் சமாசாரம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளேரென்று உப்பு குவிந்து கிடப்பது நமக்குக் கண்கொள்ளாக் காட்சிதான். அங்கே குடித்தனம் நடத்தும் சகோதரியைக் கேட்டால் வேறு கதை சொல்வாள். ஜன்னல் கம்பியிலிருந்து அரிவாள்மணை வரையில் எல்லாம் துரு!

அந்தக் காற்று வீசும் வீட்டில் உங்கள் பிள்ளையாண்டான் பழைய மாருதி 800 ஒன்றை நிறுத்திக்கொண்டு, "அம்மா, இதைப் பந்தயத்தில் ஓட்டப் போகிறேன். என்ஜின் சாமான் வாங்கப் பணம் கொடு" என்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணும் கேட்கலாம். சென்னை அலிஷா அப்துல்லா மோட்டார் சைக்கிளிலும் காரிலும் பந்தயம் ஓட்டிப் பேர் வாங்கியவர்தானே!

எடுத்த எடுப்பில் விரட்டிவிடாதீர்கள். பந்தயம் நம் ஊருக்குப் புதிதல்ல. சென்னை மோட்டார் பந்தய சங்கம் 1953-லேயே பிறந்துவிட்டது. சோழவரம் விமான ஓடுதளத்தில் கார்கள் பறந்த காலம் உண்டு. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடமே வந்தது. கோயமுத்தூர் கரிவர்தன், சாதாரண மாருதி 800 என்ஜினை வைத்தே பந்தயக் கார்கள் கட்டினார். நடுத்தரமான செலவில் இளைஞர்கள் ஓட்ட அது வழி செய்தது. அவர் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். தொடக்கத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டிய நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார்.

ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வருஷத்து விதிப் புத்தகத்தைப் படித்தாயா?"

எதற்கு என்கிறீர்களா? தேன்குழல் நாழியை நினைத்துக்கொள்ளுங்கள். நாழி தேய்ந்துபோனால், அழுத்தும்போது மாவு பக்கவாட்டில் மேலே பிதுங்கும். என்ஜினிலும் இதே கதை. சிலிண்டர் தேய்ந்தால் அதைச் சற்றே அகலமாகக் குடைந்து, பருமனான பிஸ்டன் போடுவார்கள். தெருவில் ஓடும் காருக்கு இதில் ஒரு குற்றமும் இல்லை. பந்தயக் காருக்கோ இங்கேதான் ஆபத்து.

மாருதி 800-ன் சிலிண்டர் அகலம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 72 மில்லிமீட்டர். மூன்று சிலிண்டரும் சேர்ந்து 796 சி.சி. கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டால் சுமார் 802 ஆகிவிடும். அரை மில்லிமீட்டர் என்றால் 808! 800 சி.சி.க்கு உட்பட்ட பிரிவு என்று விதி இருந்தால், முதலாவதாக வந்தும் பையன் வெளியேதான் நிற்பான். ஜெயித்த காரின் என்ஜினைத் திறந்து அளந்து பார்க்கப் பரிசோதகர்களுக்கு அதிகாரம் உண்டு. பழைய அளவிலேயே ஸ்லீவ் இறக்கி வழக்கமான பிஸ்டனைப் போட விதி இடம் கொடுக்கிறதா என்று முதலிலேயே விசாரிப்பது நல்லது.

பல கார்களுக்கு ஜாதகம் போல ஒரு பத்திரம் உண்டு. கார் செய்த கம்பெனி, அளவு, எடை, படம் எல்லாம் எழுதி உலக மோட்டார் சங்கத்தில் பதிவு செய்வது அது. வால்வு, காஸ்கெட், காம் ஷாஃப்ட் எதுவானாலும் அதில் உள்ளபடி பொருந்த வேண்டும். காஸ்கெட் கொஞ்சம் மெலிந்தாலும் அழுத்தம் கூடிவிடும். அசல் கார்ப் பிரிவுகளில், 'கூடும்' என்று எழுதியிராததெல்லாம் 'கூடாது' என்றே பொருள்.

இனி, எங்கே வாங்குவது? மாருதி 800 உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. புதுச் சாமானுக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. மரக்காணத்திலிருந்து போய்வர 200 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். தப்பான சாமான் வாங்கினால் பணமும் போச்சு, ஒரு நாளும் போச்சு. ஆகவே பாகத்தின் எண்ணை எழுதிக்கொண்டு போகட்டும். பில் இல்லாமல் எதையும் வாங்க வேண்டாம். பழைய பாகமானால் கடையிலேயே வெர்னியர் வைத்து அளக்கட்டும். அசல் கிடைக்காமல் மாற்றுப் பாகம் போடுவதானால், பந்தய அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே காசு கொடுக்கட்டும்.

போலிச் சாமான் மட்டும் வேண்டவே வேண்டாம். வேகத்தில் ஒரு பேரிங் உடைந்து தடத்தில் எண்ணெய் கொட்டினால், பின்னால் வருகிறவனும் ஒரு தாயின் பிள்ளைதான்!

வாங்கி வந்த சாமானை மரக்காணத்துக் காற்றில் திறந்து போட்டால் பிஸ்டன் ரிங்கும் வால்வும் பூத்துவிடும். எண்ணெய் தடவி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். அப்பளத்தையும் வடகத்தையும் நமுத்துப் போகாமல் காப்பாற்றுகிற உங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு கண்டிப்பு. ஓட்டுவது உரிய லைசென்ஸோடு, பந்தயத் தடத்தில் மட்டும். உப்பளத்து ஓரம் போகிற சாலை பந்தயத்துக்கல்ல. அதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் போகிறார்கள். இதற்குச் சம்மதித்தால், பணப்பெட்டிச் சாவியை எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.