கடன் அறிக்கையில் பிழை: ஓடிக் களைப்பது யார்?

நமது கிராமங்களில் அண்மைக் காலமாக ஒரு சொற்றொடர் அதிகம் அடிபடுகின்றது. "அவர் கிறிப்பில விழுந்திட்டார்" என்கிறார்கள். ஓட்டோ ஒன்றுக்கு லீசிங் கேட்டுப் போனவர், வீட்டுக் கூரையை மாற்ற வங்கிக் கடன் கேட்டுப் போனவர், படகு இயந்திரத்துக்குப் பணம் தேடியவர் எனப் பலரும் இந்த வார்த்தையோடு வீடு திரும்புகின்றனர். அதிகாரி கணினியைப் பார்த்தார், தலையை ஆட்டினார், "உங்களுக்குத் தர முடியாது" என்றார். ஏன் என்று கேட்கவும் இவர்களுக்கு வாய் வரவில்லை. சொல்லக்கூடாத ஒரு நோய் வந்துவிட்டது போல, அயலவருக்கும் சொல்லாமல் மறைத்துக்கொள்கின்றனர்.

இந்த மௌனம் ஆபத்தானது. பிழையான ஒரு பதிவு செய்யும் கேட்டைவிட, அதைத் திருத்த முடியாது என்று மனம் சோர்ந்து போவது செய்யும் கேடு பெரியது. எனவே அந்தப் பதிவு என்ன, அதில் பிழை எவ்வாறு நேர்கிறது, அதைத் திருத்தும் சுமையை யார் சுமக்க வேண்டும் என்பவற்றை இங்கு நோக்குவோம்.

தீர்ப்பு அல்ல, கணக்கு

'கிறிப்' என நாம் அழைப்பது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தையே. இது 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்டது. அச்சட்டம் 1995 இலும் 2008 இலும் திருத்தப்பட்டது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தாம் கொடுத்த கடன்களின் விபரங்களை இப்பணியகத்துக்கு அனுப்புகின்றன. புதிதாக ஒருவர் கடன் கேட்கும்போது அவருடைய அறிக்கையை அங்கிருந்து பெற்றுப் பார்க்கின்றன. யாருக்குக் கடன் கொடுக்கலாம், கொடுக்கக்கூடாது என்று பணியகம் சொல்வதில்லை. அந்த முடிவு கடன் கொடுக்கும் நிறுவனத்தினுடையது. மக்கள் நினைப்பது போல 'கறுப்புப் பட்டியல்' என்று ஒன்றும் அங்கு இல்லை. ஒழுங்காகக் கட்டியவரின் கணக்கும் அதே ஏட்டிலேயே இருக்கின்றது.

இத்தகைய ஏடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒரே பெண்ணின் தலையில் நான்கு ஐந்து கம்பனிகள் குழுக்கடனை ஏற்றிவிட்டுப் போன கதை நமக்குத் தெரியும். கடன் நெருக்கடியில் உயிரை மாய்த்துக்கொண்ட தாய்மாரைப் பற்றிய செய்திகளை வடக்கிலும் கிழக்கிலும் வாசித்திருக்கின்றோம். கொடுப்பவர் முன்கூட்டியே கணக்கைப் பார்ப்பது வாங்குபவருக்கும் பாதுகாப்புத்தான். ஆனால் கணக்கு சரியாக இருந்தால் மட்டுமே அது பாதுகாப்பு. பிழையான கணக்கு பூட்டிய கதவாகிவிடும்.

பிழை எங்கே பிறக்கின்றது?

முதலாவது, பெயரிலும் அடையாள அட்டை இலக்கத்திலும் பிறக்கின்றது. நமது பெயர்கள் தகப்பன் பெயரை முன்னே கொண்டவை. அவற்றை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு காரியாலயத்தில் ஒரு விதமாகவும் மற்றதில் வேறு விதமாகவும் எழுதுகின்றனர். அத்துடன் பழைய அடையாள அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் உண்டு. 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கங்கள். ஓர் இலக்கம் மாறினால் ஒருவரின் கடன் இன்னொருவரின் பெயரில் ஏறிவிடும். இதை நாமே ஓரளவு சரிபார்க்கலாம். அட்டை இலக்கத்தின் தொடக்கத்தில் பிறந்த ஆண்டு இருக்கும். அடுத்த 3 இலக்கங்கள் பிறந்த நாள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 032 என்றும் பெண்ணுக்கு 532 என்றும் வரும். அறிக்கையில் உள்ள இலக்கம் இதற்கு மாறாக இருந்தால் அங்கே கேள்வி கேட்க வேண்டும்.

இரண்டாவது, கட்டி முடித்த கடன் முடிந்ததாகப் பதியப்படாமல் விடுவதில் பிறக்கின்றது. கடைசித் தவணையைக் கட்டியவர் எல்லாம் முடிந்தது என எண்ணி வீடு செல்கின்றார். தாமதக் கட்டணமாகவோ வேறு செலவாகவோ ஒரு சிறு தொகை கணக்கில் தொங்கிக்கொண்டு நிற்கும். அதை அவருக்கு எவரும் அறிவிப்பதில்லை. மாதங்கள் செல்ல அது 'நிலுவை' ஆகிவிடும்.

மூன்றாவது, பிணைக் கையெழுத்து. அயலவருக்காகக் கையெழுத்திட்ட ஆசிரியரின் அறிக்கையிலும் அந்தக் கடன் இருக்கும். கடன்காரர் கட்டி முடித்த பின்னரும் பிணை நீக்கப்படாமல் கிடப்பதுண்டு.

நான்காவது, சலுகைகளில் உண்டாகும் குழப்பம். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டம் வந்தது. 2020 இல் கொரோனாத் தொற்றின்போது தவணைகள் ஒத்திவைக்கப்பட்டன. 'தள்ளுபடி' வேறு, 'ஒத்திவைப்பு' வேறு. தமது கடன் எதில் அடங்கியது, எவ்வளவு மிஞ்சியது என்பதை எழுத்தில் கேட்டு வாங்காதவர்கள் பின்னர் திகைத்து நிற்க நேர்கின்றது.

ஓட்டமும் களைப்பும்

முல்லைத்தீவில் கடற்றொழில் செய்யும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கான லீசிங்கைக் கட்டி முடித்துவிட்டார். கணக்கில் 1,850 ரூபா தொங்கி நின்றது அவருக்குத் தெரியாது. படகு இயந்திரம் வாங்க வங்கிக்குப் போகின்றார். கிடைக்கவில்லை. லீசிங் கம்பனியின் கிளைக்குப் போகின்றார். "இது தலைமைக் காரியாலய விஷயம்" என்கின்றனர். தலைமைக் காரியாலயத்துக்குத் தொலைபேசி எடுத்தால் "கொழும்பில் கிறிப்பைக் கேளுங்கள்" என்கின்றனர். பணியகமோ, பதிவை அனுப்பிய நிறுவனமே அதைத் திருத்தி அனுப்ப வேண்டும் என்று சொல்கின்றது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாள் தொழில் போகின்றது, பஸ் காசு போகின்றது. நான்காம் தடவை பொறுமையிழந்து சத்தம் போடுகின்றார். எதிரே இருந்த இளம் உத்தியோகத்தருக்கு இந்தப் பிழையில் பங்கே இல்லை. அன்றிலிருந்து அந்தக் கிளையில் அவருக்குச் 'சண்டைக்காரர்' என்று பெயர்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

பின்னர் என்ன நடக்கும்? "இந்த வங்கி வேலையே வேண்டாம்" என்று மீற்றர் வட்டிக்காரரிடம் போவார். நூற்றுக்குப் பத்து மாதவட்டி என்றால் 100,000 ரூபாவுக்கு ஓராண்டில் வட்டி மட்டும் 120,000 ரூபா. முதல் அப்படியே நிற்கும். 1,850 ரூபாவின் பிழை ஒரு குடும்பத்தை இலட்சக் கணக்கில் கடனாளியாக்கிவிட்டது. அவரைத் தள்ளியது அந்தத் தொகை அல்ல. நான்கு பயணங்களின் களைப்பே அவரைத் தள்ளியது. எனவே இந்த மனச்சோர்வைத் தனிமனிதரின் பலவீனம் என்று ஒதுக்கிவிட முடியாது. இதற்கு ரூபாக் கணக்கில் விலை இருக்கின்றது.

கோபத்தைக் காகிதமாக்குவோம்

நியாயமான கோபம் கெட்டதல்ல. ஆனால் அதைக் கிளையின் மேசையில் கொட்டினால் பயன் இல்லை. அதைக் காகிதத்தில் இறக்க வேண்டும்.

முதற் படி, தனது அறிக்கையைத் தானே பெற்றுப் பார்ப்பது. கடன்பட்டவர் தன்னைப் பற்றிய அறிக்கையைப் பணியகத்திடமிருந்து பெற முடியும். கேட்டறிந்த செய்தியோடு சண்டைக்குப் போகக்கூடாது. எந்த நிறுவனம், எந்தக் கடன், எவ்வளவு நிலுவை என்று கண்ணால் கண்ட பின்பே பேச வேண்டும்.

இரண்டாவது படி, எது பிழை, எது உண்மை எனப் பிரித்தறிவது. இங்கே நம்மிடமும் நேர்மை வேண்டும். லீசிங் வாகனத்தைக் கம்பனி கொண்டுபோய்விட்டது, ஆகவே கடன் முடிந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். வாகனம் விற்ற பணம் கடனுக்குப் போதாவிட்டால் மீதி கடனாகவே நிற்கும். கட்டத் தவறிய தவணை, தவறியதாகவே எழுதப்பட்டிருக்கும். அது பிழையல்ல. உண்மையான பதிவை அழித்துத் தருவதாகச் சொல்லிக் காசு கேட்கும் தரகர்களை நம்ப வேண்டாம். அதை ஆற்றும் மருந்து வேறு: நிறுவனத்தோடு பேசித் தவணையை மறுசீரமைப்பது, பேசியதை எழுத்தில் வாங்குவது, சிறிய தொகையானாலும் நாள் தவறாமல் கட்டுவது, முடிந்ததும் முடிவுக் கடிதம் பெறுவது. இது மெதுவான வேலை. எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

மூன்றாவது படி, பிழை என்று தெளிவானதும் பதிவை அனுப்பிய நிறுவனத்துக்கு எழுதுவது. தமிழிலேயே எழுதலாம். ஒரு பக்கம் போதும். கடன் இலக்கம், கட்டிய திகதிகள், பற்றுச்சீட்டுகளின் பிரதிகள், என்ன திருத்தம் வேண்டும் என்பன இருந்தால் சரி. மூலப் பற்றுச்சீட்டை ஒருபோதும் கையைவிட்டுக் கொடுக்கக்கூடாது. கிளைக்கு ஒன்றும் தலைமைக் காரியாலயத்துக்கு ஒன்றும் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். பணியகத்திடமும் முறைப்பாடு செய்யலாம். அது சம்பந்தப்பட்ட நிறுவனத்திடம் விளக்கம் கேட்கும்.

அதற்கும் பயன் இல்லாவிட்டால் வழி அடைந்துவிடவில்லை. மத்திய வங்கி 2020 இல் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை அமைத்தது. அதன் துரித தொலைபேசி இலக்கம் 1935. தன்னிடம் அனுமதி பெற்ற நிறுவனங்களுக்கென நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளையும் 2023 இல் மத்திய வங்கி வெளியிட்டது. 2003 முதல் நிதியியல் ஒம்புட்ஸ்மனும் இருக்கின்றார். முறைப்பாட்டாளரிடம் அவர் கட்டணம் அறவிடுவதில்லை. இரு இடங்களிலும் முதலில் கேட்பது "நிறுவனத்துக்கு எழுதினீர்களா? பதில் என்ன?" என்பதே. எனவேதான் அந்தக் கடிதமும் பதிவுத்தபால் துண்டும் முக்கியம்.

மனதுக்கும் ஒரு முறை வேண்டும். ஓர் அப்பியாசக் கொப்பியை இதற்கென ஒதுக்குங்கள். எந்தத் திகதி, யாரோடு பேசினீர்கள், என்ன சொன்னார் என்பதை அன்றே எழுதிவையுங்கள். அடுத்து எப்போது விசாரிப்பது என்று ஒரு நாளைக் குறித்துவிட்டு, அதுவரை தொழிலைப் பாருங்கள். நாள்தோறும் நினைத்துக் கொதிப்பதால் கோப்பு நகராது. நித்திரைதான் கெடும். வீட்டில் மனைவிக்கோ கணவனுக்கோ மறைக்காதீர்கள். மறைத்து வைத்த கடன், வீட்டுக்குள் இரண்டாவது கடனாக வளரும்.

யார் சுமக்க வேண்டும்?

இவ்வளவையும் மக்களுக்குச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால் அது நீதியாகாது. பிழையை எழுதியவர் குளிரூட்டிய அறையில் இருக்க, எழுதப்பட்டவர் வெயிலில் ஓடுவது எந்த ஒழுங்கு? கடன் கொடுக்கும் நிறுவனங்களிடம் நாம் கேட்பது மூன்று. கடன் முடிந்த அன்றே முடிவுக் கடிதம் கொடுங்கள். சிறு நிலுவை இருந்தால் அதைப் பணியகத்துக்கு அறிவிக்கும் முன்பு கடன்பட்டவருக்குத் தமிழில் அறிவியுங்கள். பிழை உங்களுடையது என்று கண்டால் திருத்தத்தை நீங்களே அனுப்பி, அனுப்பியதற்கு ஒரு கடிதமும் கொடுங்கள். முறைப்பாடு விசாரணையில் இருக்கும் காலத்தில் மற்றைய வங்கிகளும் அந்தக் கடிதத்தை மதிக்க வேண்டும். தவணை ஒரு நாள் பிந்தினால் தொலைபேசி எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இது செய்ய முடியாத காரியம் அல்ல.

நமது சங்கங்களுக்கும் இதில் கடமை உண்டு. சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் என்று ஊருக்கு ஊர் அமைப்புகள் இருக்கின்றன. உயர்தரம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளில் இருவரை ஒவ்வொரு சங்கமும் தெரிவுசெய்யட்டும். மாதத்தில் ஓர் அரை நாள் அவர்கள் அமர்ந்து ஆங்கில அறிக்கையை வாசித்துச் சொல்லவும், கடிதம் எழுதவும், பிரதிகளைக் கோவையில் இடவும் உதவட்டும். ஒரே கம்பனியிடமிருந்து ஐந்து பேருக்கு ஒரே விதமான பிழை வந்திருப்பது அப்போதுதான் தெரியவரும். தனி ஒருவரின் கடிதம் மேசையில் தூங்கலாம். ஐந்து பேரின் கடிதம், சங்கத்தின் முத்திரையோடு போனால் தூங்காது. முடியாத அன்றைக்கு ஒருவர் கூடப் போவதும் பெரிய உதவி. இருவராகச் செல்லும்போது பயமும் குறையும், சத்தமும் குறையும்.

கடன்படுவது குற்றம் அல்ல. கட்டிய கடனைக் கட்டவில்லை என்று எழுதினால் வெட்கப்பட வேண்டியவர் கட்டியவர் அல்ல. இதை நமது மக்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வோம். உங்கள் வீட்டில் பற்றுச்சீட்டுகள் எங்கே இருக்கின்றன என்று இன்றே தேடிப் பாருங்கள். பிளாஸ்டிக் பை ஒன்றில் அவற்றை ஒன்றுசேர்த்துக் கட்டிவையுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அதையும் கொண்டு வாருங்கள்.