நனைந்த நிலமும் பொறாத சந்தையும்

2022 அக்டோபர் முதல் 2024 மார்ச்சு முடிய உள்ள பதினெட்டு மாதங்களில் இங்கிலாந்தில் ஏறக்குறைய 1,696 மில்லிமீட்டர் மழை பெய்தது. அத்தேசத்தில் 1836-ம் வருஷம் மழைக்கணக்கு துவங்கியது முதல் எந்தப் பதினெட்டு மாதங்களிலும் இவ்வளவு மழை பெய்ததில்லை. 2024-ம் வருஷத்து வசந்தமும் சராசரிக்கு மிஞ்சிய மழையுடனேயே கழிந்தது. காய்கறிக்குப் பேர்போன லிங்கன்ஷயர் ஜில்லாவில் வயல்கள் குளங்களாகக் கிடந்தன.

இத்தகைய வசந்தத்தில் காய்கறிப் பண்ணைக்காரன் முதலில் காக்க வேண்டியது பயிரையன்று, மண்ணையே. பதம் வராத நிலத்தில் டிராக்டரை இறக்கினால் மண் இறுகிப் போகும். இறுகிய மண்ணில் வேர் இறங்காது. அடுத்த மழையின் நீரும் வடியாது. ஒரு நாள் அவசரத்தின் பலனைப் பல வருஷம் அனுபவிக்க நேரும். ஆகையால் கைதேர்ந்தவன் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்க்கிறான். அது உதிராமல் திரண்டால் வீடு திரும்புகிறான். வடிகால்களைத் தூர் எடுக்கிறான்; மணற்பாங்கான மேட்டு நிலத்தில் முதல் நடவு செய்கிறான்; குழித்தட்டில் நெட்டையாக வளர்ந்துவிட்ட நாற்றுகளைப் பெரிய குழிகளுக்கு மாற்றுகிறான்; நத்தை தின்றதற்கும் அழுகியதற்கும் ஈடாக மறுபடி விதைக்கிறான்.

ஆனால் காத்திருப்பதற்கும் கைப்பொருள் வேண்டும். குளிர்காலக் கோஸ் தீர்ந்து புதுக்காய் வராத ஏப்ரல், மே மாதங்களை அந்நாட்டார் 'பசி இடைவெளி' என்றே அழைக்கிறார்கள். நடவு பிந்தினால் அறுவடையும் பிந்தும். வருமானமில்லாத நாட்கள் நீளும். பெருங்கடைக்கு இன்ன வாரத்தில் இவ்வளவு சரக்கு என்று ஒப்புக்கொண்டவனோ, தவறென்று அறிந்தும் சேற்றில் இறங்குகிறான். பருவத்தின் பலனை முன்பணமாகச் செலுத்தி, விளைந்ததைப் பகிர்ந்துகொள்ளும் சந்தாதாரர்களை உடைய சிறு பண்ணைகள் இவ்விஷயத்தில் பாக்கியசாலிகள். அங்கே நஷ்டம் ஒருவன் தலையில் மட்டும் விழுவதில்லை.

சர்க்கார் செய்தது என்ன? 2024 ஜனவரியில் அடித்த ஹெங்க் புயலால் நஷ்டமடைந்தோருக்கு ஏப்ரலில் நிவாரண நிதி திறந்தார்கள். நதியிலிருந்து 150 மீட்டருக்கு அப்பாலுள்ள வயல்களுக்கு அது கிடையாதென்று சொல்லப்படவே, விவசாயிகள் கூக்குரலிட்டனர். கரை மீறிய ஆற்றுநீருக்கு ஒரு நியாயம், வானிலிருந்து விழுந்த நீருக்கு வேறொரு நியாயமா? பின்னர் விதி தளர்த்தப்பட்டது. சுமார் 13,000 பண்ணைகளுக்கு ஆறு கோடி பவுன் வழங்குவதாக அறிவிப்பு வந்தபோது நவம்பர் மாதம் ஆகிவிட்டது. வசந்தத்தில் விதை வாங்க முடியாதவனுக்கு இது எவ்வாறு உதவியிருக்கும்?

மறு வருஷமாகிய 2025-ல் இங்கிலாந்து நூறு வருஷங்களுக்கு மேலாகக் காணாத வறண்ட வசந்தத்தைக் கண்டது. தழையுரம் ஏறிய இளகிய மண் ஒன்றே இரண்டு விபரீதங்களையும் ஓரளவு தாங்கும். அத்தகைய மண்ணைப் பேணப் பண்ணைக்காரனுக்கு அவகாசம் தேவை. வானிலையின் கோளாறு பற்றி எழுந்த தவணை தாமதத்தை வாங்குவோர் மன்னிக்க வேண்டுமென்றும், நிவாரணம் அதே பருவத்துக்குள் வந்து சேர வேண்டுமென்றும் சட்டம் வகுப்பதே உசிதமென்பது நமது அபிப்பிராயம். மலிவான காயை விரும்பும் ஜனங்கள், அதை விளைவிப்பவனது நஷ்டத்திலும் சிறிது பங்கேற்பதே தர்மம்.