வீட்டுக் கடனுக்கும் பத்தியம் உண்டு!

'வைத்தியருக்கும் வீட்டுக் கடனுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்துவிட்டு வந்த நாள் முதல் நாடி பார்க்கிறேன். தூக்கமில்லை, நெஞ்செரிச்சல், படபடப்பு என்று வருகிறவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், பல பேருக்குப் பின்னால் ஒரு மாசத் தவணை இருக்கிறது.

2023-ல் ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். சர்க்கரை நோயாளி. காசு மிச்சம் பிடிக்க ரத்தப் பரிசோதனையையே நிறுத்திவிட்டார்! "ரெண்டு வருஷமா கட்டுறேன் சார், அசல் குறையவே மாட்டேங்குது. 20 வருஷக் கடன் 30-ஐத் தாண்டிடுச்சு" என்றார். இதற்கு அமுக்கராச் சூரணம் என்ன செய்யும்?

நடந்தது இதுதான். ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 2022 மே மாசம் முதல் 2023 பிப்ரவரிக்குள் 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. அவருடைய கடன் மாறும் வட்டிக் கடன். வங்கி தவணையைத் தொடாமல் வருஷத்தை நீட்டிவிட்டது. கணக்கைப் பாருங்கள்: 30 லட்சம், 7 சதவீதம், 20 வருஷம் என்றால் தவணை சுமார் 23,260 ரூபாய். வட்டி 9.5 ஆனால், 30 லட்சத்துக்கு ஒரு மாச வட்டி மட்டுமே 23,750! அசல் எங்கே குறையும்?

சூரணத்தை உடல் வாகு பார்த்துத்தான் அளந்து கொடுக்கிறோம். கடனிலோ, 'எவ்வளவு கிடைக்கும்?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 'எவ்வளவு தாங்கும்?' என்று கேட்பவர் குறைவு. வங்கி கணவன், மனைவி இரண்டு சம்பளத்தையும் கூட்டிக் கடன் தரும். ஆசிரியரின் மனைவி குழந்தை பிறந்ததும் வேலையை விட்டார், தவணை விடவில்லை. ஒரு சம்பளத்திலேயே கட்ட முடிகிற தவணைதான் உங்களுக்கான அளவு என்பேன். அதற்கு வீடு ஒரு அறை சின்னதானால் ஆகட்டுமே!

'தவணை கம்மி' என்று மயங்காதீர்கள். 9 சதவீதத்தில் 30 லட்சத்துக்கு 20 வருஷத் தவணை சுமார் 26,990. 15 வருஷத்துக்கு 30,430. மாசம் 3,440 கூடுதல். ஆனால் மொத்த வட்டியில் மிச்சம் சுமார் 10 லட்சம்! அது முடியாதவர்கள் 20 வருஷமே வாங்கி, வருஷம் ஒரு தவணை கூடுதலாகக் கட்டுங்கள். மூன்று வருஷத்துக்கு மேல் குறையும். தனி நபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது.

'நிலையான வட்டி' என்றால், 'எத்தனை வருஷத்துக்கு?' என்று கேளுங்கள். சிலவற்றில் முதல் சில வருஷம்தான் நிலை. பத்திரச் செலவுக்குக் கைக்காசு தனியாக வேண்டும். ஆறு மாசத் தவணையும் வைத்திய செலவுக்குக் கொஞ்சமும் கையில் இல்லாமல் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, வருஷத்தை நீட்டுவதா என்று தேர்வு செய்யும் வாய்ப்பைக் கடன்தாரருக்குத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஆசிரியர் வங்கிக்குப் போய், நகையை விற்று அசலில் கொஞ்சம் அடைத்து, தவணையையும் கூட்டிக்கொண்டார். பரிசோதனையைத் திரும்ப ஆரம்பித்தார். அப்புறம்தான் என் சூரணமும் வேலை செய்தது!

வீடு நிம்மதியாகத் தூங்குவதற்கு. அதை வாங்கத் தூக்கத்தையே விற்றுவிடாதீர்கள்.