தேர்வு போயிற்று, படிப்பும் போகலாமா?

ஆறாம் ஆண்டுத் தேர்வு எடுபட்டுப் போன நாளிலிருந்து நம் தோட்டங்களில் ஒரு பேச்சு அடிபட்டு வருகிறது. "இனிப் பரீட்சை இல்லை, பிள்ளைகளுக்குக் கவலையும் இல்லை" என்கிறார்கள். பிரட்டுக் களத்திலும் இதைக் கேட்கிறோம். கிராணிமார் வீட்டு வாசலிலும் கேட்கிறோம். பிள்ளைகளின் கவலை நீங்கியதென்றால் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அதோடு பெற்றோரின் கவலையும் நீங்கிவிட்டதென்றால், நம் சமுதாயத்திற்கு அதைவிடப் பெரிய கேடு வேறு இல்லை. ஆகவே இதுபற்றி நம் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சில சொற்கள் கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

1988 ஆம் ஆண்டு முதல் நடந்து வந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021 ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. அந்தத் தேர்வுக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. ஆறு ஆண்டுப் படிப்பைச் சில நாட்களில் அளந்து பார்த்த தேர்வு அது. கடைசி ஆண்டு முழுவதையும் பயிற்சித் தாள்களிலேயே கழித்த பள்ளிகள் உண்டு. எல்லாப் பாடங்களிலும் 'ஏ' வாங்கிய பிள்ளையின் படம் பத்திரிகையில் வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளையை எவரும் படம் எடுக்கவில்லை.

ஆயினும் அந்தத் தேர்வில் ஒரு நன்மை இருந்தது. அதன் முடிவு எழுத்தறியாத தாய்க்கும் விளங்கியது. பிள்ளை தேறினானா, இல்லையா என்பது அன்றைக்கே தோட்டம் முழுவதும் தெரிந்துவிடும். அந்த மணியோசை இப்போது நின்றுவிட்டது. பிள்ளை பின்தங்கி நிற்பதைப் பெற்றோருக்கு உரக்கச் சொல்ல இன்று எதுவும் இல்லை. நாம் அஞ்சுவது இதற்குத்தான்.

தேர்வு இருந்த இடத்தில் இன்று முதன்மை பெற்றிருப்பது வகுப்பறைசார் மதிப்பீடு. பெயர் நீளமாக இருந்தாலும் பொருள் எளியது. பிள்ளை வாய்விட்டு வாசிக்கும்போதும், கேள்விக்குப் பதில் சொல்லும்போதும், கணக்குப் போடும்போதும், மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போதும் ஆசிரியர் கவனித்துக் குறித்து வைக்கிறார். அந்தக் குறிப்பைக் கொண்டு 1 முதல் 6 வரை அடைவுநிலை போடப்படுகிறது. 1 என்றால் பாடத்தைச் சிறிதளவே அறிந்திருக்கிறான் என்று பொருள். 3 என்றால் அறிந்து, புரிந்து, தானே செய்யவும் முடிகிறது. குறைந்த அளவுத் தேவை நிறைவேறியது என்று பொருள். 6 என்றால் பிறருக்கு எடுத்துக்காட்டாக நிற்கிறான் என்று பொருள். இந்த எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்வது ஒவ்வொரு பெற்றோரின் வேலையாகும். உங்கள் பிள்ளைக்கு மொழியிலோ கணக்கிலோ 1 அல்லது 2 போடப்பட்டிருந்தால், அது எச்சரிக்கை என்று அறியுங்கள்.

பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு நாம் இதை விளக்க வேண்டியதே இல்லை. உளியைப் பட்டையில் மெல்லிதாக ஓட்டி, முறை தவறாமல் வெட்டி வந்தால் மரம் பல ஆண்டு பால் கொடுக்கும். விட்டுப்போன நாட்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே நாளில் ஆழமாக வெட்டினால் என்ன ஆகும்? பால் பெருகாது, மரம் காயப்படும், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அந்த இடத்தில் உளி ஓடாது. பிள்ளையின் படிப்பும் அப்படித்தான். ஐந்தாண்டு கவனியாமல் விட்டு, ஆறாம் ஆண்டில் இரவும் பகலும் விரட்டுவது ஆழ வெட்டிய வெட்டு. கிராணிமாருக்கும் ஒன்று சொல்வோம். செக்ரோலை அன்றாடம் எழுதாமல் மாதக் கடைசியில் ஒன்றாக எழுதினால் கணக்கு நேராகுமா?

"வகுப்பில் பாட்டும் கூத்தும் விளையாட்டுந்தான் நடக்கிறது, பாடம் எங்கே?" என்று கேட்கும் தந்தையரும் உண்டு. அவர்களுக்கும் விடை கூற வேண்டும். 1983 ஆம் ஆண்டில் நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோதே, குழுவாக அமர்ந்தும் கையால் செய்து பார்த்தும் கற்கும் முறை வகுப்பறைக்குள் நுழைந்தது. 2011 இல் தொடங்கிய பாடத்திட்டமும் அதே வழியில் மேலும் சென்றது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வகுப்பில் கடை வைத்து, காகிதக் காசு கொடுத்துப் பொருள் வாங்குகிறார்கள். மிச்சம் எவ்வளவு என்று கேட்டு வாங்கும் பிள்ளை கழித்தலைக் கற்றுக்கொள்கிறான். ஈரப் பஞ்சில் பச்சைப்பயறு போட்டு, முளை எத்தனை நாளில் வந்தது என்று எழுதி வைக்கும் பிள்ளை அறிவியல் கற்கிறாள். ஆத்திசூடியை ஒப்புவித்து, அதன் பொருளைத் தன் சொல்லில் கூறும் பிள்ளை தமிழ் கற்கிறாள். கதையை நடித்துக் காட்டும் பிள்ளை, பத்துப் பேர் முன்னிலையில் நா எழாமல் நிற்கும் அச்சத்தைக் களைகிறான். கூட்டத்தில் எழுந்து நின்று தன் நியாயத்தைப் பேசத் தெரியாமல் நம் முன்னோர் பட்ட பாட்டை அறிந்தவர்கள் இதை விளையாட்டு என்று தள்ளமாட்டார்கள்.

அந்த முன்னோர் படித்த பள்ளியை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரும் அதற்கு மேலும் வாழ்ந்த தோட்டங்களில் பள்ளி வைக்கும் பொறுப்பை நிர்வாகத்தின்மேல் சுமத்தியது. பள்ளி வந்தது. பல தோட்டங்களில் ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும் அவர் முன்னால். பிள்ளைகளும் தாய் தந்தையரோடு மங்கு துடைக்கவும் கட்டிப்பால் பொறுக்கவும் போனார்கள். சட்டம் பள்ளியைக் கேட்டது. உள்ளே பிள்ளை என்ன கற்றான் என்று கேட்க ஆளில்லை. அப்படிக் கேட்பாரற்றுப் போன படிப்பின் விலையைக் கொடுத்தவர்கள் நம் தலைமுறையினரே.

இன்று கட்டடமும் ஆசிரியரும் அன்றுபோல் இல்லை. நிலைமை எவ்வளவோ மேம்பட்டிருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தும், குடும்பங்கள் பட்டணத்திற்குக் குடிபெயர்ந்தும் தமிழ்ப்பள்ளிகள் பல சிறுத்துவிட்டன. 150 மாணவருக்கும் குறைந்தவை பல. மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவரை ஒரே வகுப்பில் அமர்த்திக் கற்பிக்கவும் நேர்கிறது. இதைக் குறையாகவே பேசிக்கொண்டிராமல், அதிலுள்ள வாய்ப்பையும் பார்க்க வேண்டும். பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வகுப்பில் எவனும் தூணுக்குப் பின்னால் மறைந்திருக்க முடியாது. ஒவ்வொருவனும் எந்த எழுத்தில் தடுக்குகிறான் என்பது ஆசிரியருக்குத் தெரியும். அதைப் பெற்றோரும் அறிந்தால் பாதி வேலை முடிந்தது.

அறியாமல் விட்டால் நேர்வது என்ன? பிள்ளை ஆறாண்டும் பள்ளிக்குப் போய் வருவான். வகுப்பு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும். பிறகு மலாய் மொழியில் நடக்கும் இடைநிலைப் பள்ளியில் போய் நிற்பான். தேசிய மொழியில் தேர்ச்சி குறைந்திருந்தால், புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக இருக்க நேரும். தாய்மொழியிலேயே தடுமாறுகிறவன் அங்கே எதைப் பற்றிக்கொள்வான்? பெரிய பள்ளியில் பேசாமல் உட்கார்ந்திருந்து, ஒருநாள் போகாமல் நின்றுவிடுவான். அவன் நின்றது அன்றைக்கன்று. இரண்டாம் ஆண்டில் வாசிக்க முடியாமல் தவித்தபோது எவரும் பார்க்காமல் விட்ட அன்றைக்கே நின்றுவிட்டான்.

ஆகவே பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்: விடியுமுன் வேலைக்குப் போகும் உங்கள் சிரமத்தை நாம் அறிவோம். ஆனால் மாலையில் பத்து நிமிடம் போதும். பிள்ளையின் நோட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், தடுக்குகிறதா ஓடுகிறதா என்பது காதுக்குத் தெரியும். காரணமின்றி ஒருநாளும் பள்ளிக்கு அனுப்பாமல் இராதீர்கள். அன்றாடம் நடக்கும் மதிப்பீட்டில் வராத பிள்ளைக்கு எதைக் குறிப்பது?

ஆசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்: எண்ணை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். "இவனுக்கு வாசிப்பு வரவில்லை, வீட்டில் இன்னது செய்யுங்கள்" என்று ஒரு வரி பச்சைத் தமிழில் எழுதுங்கள்.

தோட்ட நிர்வாகங்களைக் கேட்கிறோம்: பள்ளி அறிக்கை வழங்கும் நாளில், பெற்றோருள் ஒருவர் சம்பளம் இழக்காமல் பள்ளிக்குப் போய்வர வழி செய்யுங்கள். ஆண்டில் ஓரிரு தடவை அரை நாள் விடுவதால் எந்தத் தோட்டமும் முடங்கிவிடாது. நம் கிளைத் தலைவர்களும் இதை ஒரு கோரிக்கையாக எடுத்துப் பேச வேண்டும். படித்த கிராணிமார், அறிக்கையைப் படித்துச் சொல்ல ஆளில்லாத குடும்பங்களுக்குப் படித்துக் காட்டும் தொண்டை மேற்கொள்ள வேண்டும்.

தேர்வுகளின் பெயர் மாறும், முறையும் மாறும். இன்று வந்தது நாளை போகலாம். ஆனால் காலையில் மணி அடித்ததும் பிள்ளை போய் உட்காரும் அந்த வகுப்பறை மாறாது. அங்கே இன்று அவன் என்ன கற்றான் என்று இன்று மாலையே கேளுங்கள்!